கண்ணில் படாத படகு

வாத்து வேட்டைக்கான படகு என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதத் தொடங்கியபோது முதல் வரியாக வந்தது இதுதான்: தண்ணீரில் இருக்கும்போது அது கண்ணில் படக் கூடாது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு பேரையும் இரண்டு துப்பாக்கிகளையும் ஒரு சாக்கு நிறையப் பொம்மை வாத்துகளையும் தாங்க வேண்டும். இரண்டு பெண்கள் தூக்கிக் காரின் கூரையில் ஏற்றக்கூடிய எடையில் இருக்க வேண்டும். முழங்காலளவு தண்ணீரில்கூட நாணலுக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

இதை எழுதியது நோர்வேயில், லோறென்ஸ்கூக் என்ற ஊரில், பெற்றோர் வீட்டுக் குசினி மேசையில். எதிரே அப்பா வேலை முடிந்து வந்து, பஸ் ஓட்டுநர் உடுப்பைக்கூட மாற்றாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். முதல் வரியை வாசித்தார். கோப்பையை வைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, “என்ன விலை வரும்?” என்று கேட்டார்.

படகு தேவைப்பட்டதற்கு ஒரு வாத்துதான் காரணம். கட்டடங்களின் காற்றோட்டத்தைக் கணக்கிடும் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். என் பக்கத்து மேசையில் இருப்பவள் ஈரோட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவள். “குளிர்ல வெளிய போறதுக்கு ஒரு காரணம் வேணும்டி. சும்மா நடக்கறதெல்லாம் எனக்கு ஆகாது” என்று சொல்லி, வேட்டைத் தேர்வுக்குத் தன் பெயரோடு என் பெயரையும் கொடுத்துவிட்டாள். இருவரும் தேறினோம். முதல் இலையுதிர்காலத்தில், ஓர் ஏரிக்கரையில் நெடுநேரம் நின்று ஒரே ஒரு வாத்தைச் சுட்டோம். அது நாணலுக்கு அப்பால் தண்ணீரில் விழுந்தது. எங்களால் எட்ட முடியவில்லை. காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நடு ஏரிக்குக் கொண்டுபோனது. கண்ணுக்குத் தெரிந்த வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.  எடுக்க முடியாததைச் சுடுவதில்லை என்று அப்போது முடிவு செய்தோம். அப்படியானால் படகு வேண்டும்.

மூன்று வழிகள் இருந்தன. கடையில் விற்கும் அலுமினியப் படகு இலேசானது. ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டாது, கால் பட்டாலே தகரப் பீப்பாய் போலச் சத்தம் போடும். பழைய கண்ணாடிநார்ப் படகுகள் இணையத்தில் மலிவாகக் கிடைத்தன. அவை பாரம் கூடியவை, எல்லாம் வெள்ளை, தண்ணீருக்கு மேல் உயர்ந்து நிற்பவை. மூன்றாவது வழி, பிளைவுட் பலகையை வெட்டிச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எப்பொக்சிப் பசையால் ஒட்டி நாமே செய்வது. ஏரியில் மோட்டாரை ஓடவிட்டுச் சுடுவது சட்டத்துக்கு ஒத்துவராது என்பதால் மோட்டார் செலவு தானாகவே கழிந்தது. துடுப்பு போதும். கணக்குப் போட்டபோது ஒரு விஷயம் எனக்கே வியப்பாக இருந்தது. பலகையைவிடப் பசைக்குத்தான் அதிகச் செலவு. கையுறை, தூரிகை, பலகை தேய்க்கும் தாள் போன்ற, யாரும் நினைத்துப் பார்க்காத சாமான்கள் சேர்ந்து துடுப்பின் விலைக்கு வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் கீழே, நான் எந்த வேலைக்கும் போடுவதுபோல, ‘தெரியாதவை’ என்று ஒரு வரி போட்டிருந்தேன்.

“இதென்ன, தெரியாதவை?” என்றார் அப்பா.

“என்ன பிழை வரும் எண்டு இப்ப தெரியாதுதானே. அதுக்கு ஒரு தொகை.”

“அது காணாது.”

“பத்து வீதம் போட்டிருக்கிறன் அப்பா.”

“காணாது” என்றார் மறுபடியும். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, “வாத்து வேணுமெண்டா குறொன்லாண்டிலை உறைய வைச்ச வாத்து கிடக்கு. நீ இருக்கிற வீட்டுக்குக் கீழைதானே கடை. இந்தக் காசைப் பிரிச்சுப் பார், ஒரு வாத்து என்ன விலை வருது?” என்று கேட்டார்.

பிரித்துப் பார்த்துச் சொன்னேன்.

“அந்த விலைக்கு வாத்து தானா வந்து குசினியைக் கூட்டித் துடைக்கோணும்” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார்.

எங்கள் வீட்டில் பயத்தை விலையாகத்தான் சொல்வார்கள். படிக்க ஸ்தவாங்கருக்குப் போகப் போகிறேன் என்றபோது, அங்கே வாடகை கூட என்று அப்பா இரண்டு வாரம் வாதாடினார். நான் இல்லாத வீட்டில் இருக்க முடியாது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், படகு விஷயத்தில் அவர் விலை என்று சொன்னதை விலை என்றே எடுத்துக்கொண்டேன். செலவு அதிகம் என்று ஒருவர் சொன்னால் செலவைக் குறைப்பதுதான் என் தொழில். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குறைந்த கணக்கோடு போனேன். ஒவ்வொரு முறையும் அவர் வேறொரு செலவைக் கண்டுபிடித்தார். கடைசியில், “கராஜைத் தாறன். ஸ்த்ரோம் காசு நீ கட்டு” என்றார். மின்சாரத்துக்கு எங்கள் வீட்டில் அந்த நோர்வே மொழிச் சொல்தான். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வெட்டிய பலகைகள் தரையில் கிடக்கும்வரை அவை பலகைகள்தான். கம்பியால் தைத்து இழுக்கும்போது ஒரே பின்னேரத்தில் எழுந்து படகாகிவிடும். அன்று அப்பா வேலையால் வந்து, ஏதோ எடுப்பதற்காகக் கராஜ் கதவை உயர்த்தினார். படகு நடுவில் நின்றது. கதவைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றார்.

“பேர் எத்தினை?” என்று கேட்டார்.

“ரெண்டு.”

“வேறை ஆரும் ஏறினா?”

“ஏற மாட்டினம் அப்பா. நானும் அவளும்தான்.”

“ஏறுவினம்” என்று சொல்லிவிட்டுக் கதவை இறக்கினார். நான் உள்ளே நிற்பதைக்கூட மறந்துவிட்டார் போலிருந்தது.

அதற்குப் பிறகு அவர் கராஜுக்குள் வரவில்லை. திருப்புளி வேண்டுமென்றால் அம்மாவை அனுப்பினார். புல்வெட்டி கராஜின் பின்மூலையில் இருந்தது. அதை எடுக்கவும் வரவில்லை. முற்றத்துப் புல் முழங்கால் வரை வளர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் தன் புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, பழுதாகிவிட்டதா என்று மெதுவாகக் கேட்டார். காற்று வீசும்போது அந்தப் புல் சாய்ந்து எழும்புவதை அப்பா வரவேற்பறை யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று விளக்கு. நாங்கள் ஓர் அறையை விட்டு வெளியே வந்தால் பின்னாலேயே போய் விளக்கை அணைக்கிறவர் அப்பா. கராஜ் விளக்கின் சுவிட்ச் வீட்டுக்குள், சப்பாத்துகள் வைக்கும் இடத்தில் இருக்கிறது. அது பகலும் போட்டபடியே கிடந்தது.

“கொப்பர் அந்த லைற்றை நூர்க்க விடுறாரில்லை” என்றார் அம்மா. “நான் நூர்த்தா, போய்த் திரும்பப் போடுறார்.”

“ஏனாம்?”

“இருட்டிலை இருக்க வேண்டாமாம்.”

“ஆர் அங்கை இருக்கினம்?”

அம்மா வெங்காயத்தை வெட்டி முடித்து, கத்தியைக் கழுவி, துடைத்து, இடத்தில் வைத்தார்.  “கெதியாச் செய்து முடிச்சிட்டு அதைக் கொண்டுபோ பிள்ளை. இல்லாட்டி அந்த மனிசன் இந்த வீட்டிலை இருக்க மாட்டார்” என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார். எனக்குச் சித்தப்பா. அவர்கள் யாழ்ப்பாணத்துத் தீவொன்றைச் சேர்ந்தவர்கள். சண்டைக் காலத்தில் இருவரும் இந்தியாவுக்குப் படகில் போனார்கள், அப்பா போய்ச் சேர்ந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இறந்தோர் நினைவு நாளில் மற்றக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். எங்கள் வீட்டில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, ஒரு பிடி உப்பைக் கரைத்து, அதன் நடுவில் மெழுகுதிரியை நிறுத்துவோம். கோடையில் நண்பர்களோடு கடற்கரைக்குப் போனாலும் அப்பா காலுறையைக் கழற்றாமல் விரிப்பில் உட்கார்ந்திருப்பார். இவை எல்லாவற்றையும் நான் அறிந்திருந்தேன். ஆனால் என்னுடையது ஏரி, பகல் நேரம், அனுமதிச் சீட்டு, இரண்டே பேர். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றுதான் என் அறிவு கேட்டது.

எப்பொக்சி குளிரில் இறுகாது. மே மாதத்திலும் கராஜ் குளிர்ந்து கிடந்ததால், படகைப் பிளாஸ்டிக் விரிப்பால் கூடாரம்போல மூடி உள்ளே ஒரு சூடாக்கியை வைத்தேன். வளைத்துக் கட்டிய பலகை சூட்டில் விரிந்து, சூடாக்கி நின்றதும் சுருங்கும். அப்போது தட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். காரணம் தெரிந்த சத்தம் என்பதால் நான் அதைக் கவனிப்பதில்லை. ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கராஜ் பக்கமிருந்து இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒன்று.

“வாறன்” என்றார் அப்பா.

வாசலில் யாரோ நிற்கும்போது சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். எழும்பவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. அம்மா அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி கறி போட்டார். நான் பலகை சுருங்குவதைப் பற்றி விளக்கினேன். வெப்பநிலை எவ்வளவு மாறினால் எவ்வளவு சுருங்கும் என்றும் சொன்னேன். அப்பா முழுவதையும் கேட்டார்.

“ஓம். அதுவாத்தான் இருக்கும்” என்றார்.

அதன் பிறகு கராஜில் தனியாக வேலை செய்யும்போது நானும் அந்தச் சத்தத்தைக் கேட்கத் தொடங்கினேன். தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். காரணம் தெரிந்திருந்தது. ஆனாலும் காத்திருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மிச்சச் சாமான் வாங்க வேண்டியிருந்தது. என்னிடமும் ஈரோட்டுத் தோழியிடமும் கார் இல்லை. கேட்காமலே அப்பா தன் காரை எடுத்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கட்டடப் பொருள்களோடு படகுச் சாமான்களும் விற்கிற பெரிய கடை அது. தோழி எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். துடுப்பைக் காட்டி, “சூப்பரா இருக்கு அங்கிள்!” என்றாள். கயிற்றைக் காட்டியும் அதையே சொன்னாள்.

“இவவுக்கு எல்லாம் சூப்பர்தான்” என்று அப்பா என்னிடம் சொன்னார், அவளுக்குக் கேட்கும்படி. “பசை ஒழுகினாலும் சூப்பர்.”

“நீங்க மட்டும் என்னவாம் அங்கிள்? எல்லாத்துக்கும் ‘என்ன விலை’ங்கறீங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தாக்கூட அதைத்தான் கேப்பீங்க போல.”

அப்பா சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. “உனக்கென்ன, படகு கவிண்டாலும் சூப்பர் எண்டுதான் சொல்லுவாய்” என்றவர், சொல்லி முடித்ததும் முகம் மாறினார். தள்ளுவண்டியைத் திருப்பி வேகமாக முன்னால் போய்விட்டார்.

உயிர்காப்பு அங்கிகள் இருந்த இடத்தில் அவரைப் பிடித்தோம். வண்டிக்குள் மூன்று அங்கிகள் கிடந்தன. செம்மஞ்சள் நிறம்.

“ரெண்டு பேர்தானே அங்கிள்” என்றாள் தோழி.

“ஒண்டு கிடக்கட்டும்.”

“அப்பா, கணக்கிலை ரெண்டுதான்…”

“அதுக்கு நான் காசு குடுக்கிறன்.” நான்கு மாதமாக ஒவ்வொரு குரோனருக்கும் சண்டை போட்டவர், விலைச் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தது வர்ணம். ஏரிக்கரையிலிருந்து ஒரு காய்ந்த நாணல் தண்டைப் பையில் கொண்டுவந்திருந்தேன். கடைக்காரர் அதைக் கருவியின் கீழ் வைத்து நிறத்தை அளந்து, ஒரு தகரத்தில் கலந்து, மூடியைத் திறந்து காட்டினார். மங்கிய மஞ்சள், மண் கலந்தது. தண்டை மேலே பிடித்தேன். எது தண்டு, எது வர்ணம் என்று பிரிக்க முடியவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அப்பா தகரத்துக்குள் பார்த்தார். “இதைப் பூசினா தெரியாதோ?”

“தெரியாது அப்பா. அதுக்குத்தானே.”

“எங்கடையும் தெரியாது” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தகரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தார் பூசினது. நேவிக்குத் தெரியக் கூடாது எண்டு முழுக்கத் தார். விடியக் கவிண்டு கிடந்தது. அதின்ரை அடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். ஒரு மீன்பிடி போட் கிட்டத்தான் போச்சு. கத்தினாலும் அவங்கடை எஞ்சின் சத்தத்திலை கேக்காது. தண்ணியும் கறுப்பு, போட்டும் கறுப்பு. நாங்கள் மட்டும் என்ன வெள்ளையே.” கொஞ்சம் சிரித்தார். “தம்பி சொன்னான், அண்ணை, இதோடை ஒட்டிக்கொண்டு நிண்டா காண மாட்டாங்கள், நான் கொஞ்சம் அங்காலை போய் நிக்கிறன், என்னைக் காணுவாங்கள் எண்டு. வெள்ளைச் சேட்டைக் கழட்டிக் கையிலை தூக்கிக்கொண்டு நீந்தினவன்.”

“அவங்கள் கண்டவங்களே?” என்று கேட்டேன்.

“நான் கண்டன்” என்றார் அப்பா. “கன நேரம் தெரிஞ்சுது.”

கடைக்காரர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, மினுக்கம் வேண்டுமா வேண்டாமா என்று நோர்வே மொழியில் கேட்டார். தோழி ஒரு அங்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மினுக்கம் வேண்டாம் என்று சொன்னேன். 

அன்று பஸ்ஸில் குறொன்லாண்டில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும்போது முதல் வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன். நிமிர்ந்து மிதக்கும்போது கண்ணில் படக் கூடாது. கவிழ்ந்தால், எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்ணில் பட வேண்டும். எழுதிய பிறகு அது மிக எளிதான தீர்வாகத் தெரிந்தது. வாத்து பார்ப்பது பக்கங்களைத்தான். அடிப்பகுதியை, எல்லாம் நல்லபடி நடந்தால், யாரும் பார்க்கப்போவதில்லை. அதைச் செம்மஞ்சளாகப் பூசலாம். முனைகள் இரண்டிலும் நுரைக்கட்டைகளை அடைத்தால், தண்ணீர் நிறைந்தாலும் தாழாது. ‘தெரியாதவை’க்கு ஒதுக்கிய காசு முழுவதும் அதற்கே போயும் இன்னும் தேவைப்பட்டது. அப்பா சொன்னதுபோல, காணாது.

தொலைபேசியில் அவரிடம் சொன்னேன். விலை கேட்கவில்லை. “எந்த மஞ்சள்?” என்றார். மறுநாளே, வேலை முடிந்து வரும் வழியில், தானே இரண்டு தகரம் செம்மஞ்சள் வர்ணம் வாங்கி வந்து கராஜ் கதவுக்கு வெளியே வைத்திருந்தார்.

படகைக் கவிழ்த்து மரக்கால்களில் ஏற்றி, கதவை முழுவதும் உயர்த்தி வைத்துக்கொண்டு பூசினேன். வெயில் உள்ளே விழுந்தது. அப்பா முதலில் முற்றத்துப் புல்லுக்குள் நின்றார். பிறகு தார்ப் பாதையில். பிறகு வாசற்கோட்டில்.

“அந்த மூலை விட்டுப் போச்சு” என்றார்.

“எது?”

“பின்னுக்கு. கீழ் மூலை.”

தூரிகையை நீட்டினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, வாங்கி, குனிந்து அந்த மூலையைப் பூசினார். அதோடு நிற்காமல் அடிப்பகுதி முழுவதையும் இன்னொரு முறை பூசி முடித்தார். பூசிக்கொண்டே உள்ளங்கையால் பக்கப் பலகையை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். போகும்போது புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். விளக்கு மட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தது. நானும் அணைக்கவில்லை.

ஓகஸ்ட் கடைசியில், வேட்டைக் காலம் தொடங்கும் முன், படகை ஏரியில் இறக்கிப் பார்த்தோம். அப்பாவும் வந்தார். இறக்குகிற இடத்தில் கார் நிறுத்த முடியாததால் தோழி அப்பாவின் காரைக் கொண்டுபோய்த் தூரத்தில் விடப் போனாள். அவள் வரும்வரை நான் தனியாக ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னேன். அப்பா மூன்றாவது அங்கியை நீட்டினார். கீழே போட வேண்டாம், முன் இருக்கையில் கட்டு என்றார். நிமிர்த்தி வைத்துப் பட்டியை இறுக்கிக் கட்டினேன்.

படகு நன்றாக ஓடியது. ஒரு பக்கமும் சாயவில்லை. நாணலுக்குள் செருகியபோது தண்டுகள் பக்கங்களை உரசிக்கொண்டு விலகி, பின்னால் மூடிக்கொண்டன. சத்தம் எல்லாம் நின்றது. நான் செய்ய நினைத்ததைச் சரியாகச் செய்திருந்தேன். அதைச் சரிபார்த்துக்கொண்டு அங்கே இருந்தபோது தொலைபேசி அடித்தது.

“எங்கை நிக்கிறாய்?” அப்பாவின் குரல் உயர்ந்திருந்தது. “தெரியேல்லை. எனக்கு ஒண்டும் தெரியேல்லை.”

“இஞ்சைதான் அப்பா. பொறுங்கோ.” துடுப்பைப் பின்னோக்கித் தள்ளி வெளியே வந்தேன். “இப்ப?”



“ஓம்” என்றார். “இப்ப தெரியுது. ரெண்டு பேரும் தெரியினம்.”

கரையில் அவருக்குப் பின்னால், வெகுதூரத்தில், தோழி காட்டுப் பாதையால் கைவீசி நடந்து வந்துகொண்டிருந்தாள். நான் திரும்பி முன் இருக்கையைப் பார்த்தேன். அங்கி கட்டியபடி நிமிர்ந்து இருந்தது. காற்று உள்ளே புகுந்து கொஞ்சம் உப்பியிருந்தது. அது அங்கி அப்பா என்று சொல்லியிருக்கலாம். பிழையாக இருப்பதைத் திருத்தாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. இதை விட்டுவிட்டேன்.

“கவனமா வாங்கோ” என்றார்.

“வாறம் அப்பா.”

துடுப்புப் போடுகிறவர் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கரைவரை முன் இருக்கை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அலை எழும்பாமல் மெதுவாக வலித்தேன். தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது. அப்பா சப்பாத்தோடும் காலுறையோடும் முழங்கால் வரை ஏரிக்குள் இறங்கி வந்து, படகின் முன்முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் எழும்பப் பார்த்தேன்.

“பொறு பிள்ளை” என்றார்.

முனையை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். ஓர் ஆள் கால் தூக்கி வைத்து இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். நான் துடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

“சரி. இப்ப நீ இறங்கு” என்றார்.